கரை மேல் வெடி

நீர்மாலைச் சடங்கு முடிந்து சங்கு ஊதியபோது வாசலில் இருந்தவர்கள்: பெஞ்சில் செத்துக் கிடந்த மணிமுத்து. அவன் மனைவி பொன்மணி. ஈர வேட்டியோடு மகன் பாண்டிச்செல்வம். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கும், மணிமுத்துவின் அண்ணன் மொக்கைச்சாமி. பொன்மணியோடு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பெண்கள். மணிமுத்து நடத்திய ‘கண்மாய்க் கூட்டம்’ அமைப்பின் செயலாளர் விக்னேஷ்குமார். அவனுக்குப் பின்னால், யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்த ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள்.

சுவரில் திருத்தங்கலில் அடித்த பிளெக்ஸ். அதில் மணிமுத்துவின் தலைக்கு மேல் ரோஸ் நிறத்தில் ஒரு பறவை ஒற்றைக்காலில் நின்றது.

“இது என்ன பறவை?” என்றாள் பொன்மணி.

விக்னேஷ்குமார் குனிந்துகொண்டான். “நாரைன்னுதான் சொன்னேன், மதினி. டிசைன் போடுறவன் நெட்ல எதையோ எடுத்துட்டான்.”

“அவரு இருந்தா கிழிச்சிருப்பாரு.”

நாரைகள் மேல் அவளுக்கு அப்படி ஒன்றும் பாசம் கிடையாது. மணிமுத்து துணி ஊற வைக்கும் வாளியில் தலைப்பிரட்டைகளை விட்டு வைப்பான். சேற்று வலையைக் கொண்டுவந்து அடுப்படியில் காயப்போடுவான். ஞாயிறு விடிந்தால் பட்டாசுத் தொழிலாளர் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு கண்மாய்க்குப் போவான். இறங்கு, தொடு, மோந்து பாரு என்பான். பிள்ளைகள் முழங்கால்வரை சேற்றோடு வந்து நிற்கும். வீட்டைக் கழுவுவது அவள் வேலை.

நேற்றும் வேனை எடுக்கத்தான் போனான். ஹாரன் நிற்காமல் அடித்தது. திட்டிக்கொண்டே வெளியே வந்தாள். ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து கிடந்தான்.

இப்போது அவளுக்கு ஒன்றுதான் வேண்டும். கரை மேல் வெடி போடக் கூடாது.

சுடுகாட்டுக்குக் கண்மாய்க் கரை வழியாகத்தான் போக வேண்டும். மேலத்தெரு வழியாகத் தார்ரோடு இருக்கிறது; அதில் இவர்கள் பிணம் போவதில்லை. கரையை ஒட்டிய கருவேல மரங்களில் தை மாதம் நாரைகள் குஞ்சு பொரித்திருக்கும். போன வருஷம் யாரோ கல்யாணத்துக்கு அங்கே வெடித்தார்கள். பெரிய பறவைகள் மொத்தமாகக் கிளம்ப, குஞ்சுகள் சேற்றில் விழுந்தன. அந்த ஞாயிறு பிள்ளைகள் அவற்றைக் கூடையில் பொறுக்கின. ஒன்றும் பிழைக்கவில்லை.

“மச்சான், தெரு பூரா போடுங்க. கரை மேல மட்டும் வேண்டாம்.”

மொக்கைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஏத்தா, கம்பெனில பெட்டி பெட்டியா குடுத்தாக. வேண்டாம்னுட்டேன். என் தம்பிக்கு நானே உக்காந்து வெடிச்சரம் பின்னியிருக்கேன். எங்கப்பனுக்கும் கரையேறயிலதான் போட்டோம்.”

“குஞ்சு கெடக்குல்ல.”

“அங்கன போட்டாத்தான் மேலத்தெருவுக்குக் கேக்கும். தெரு வழியா விடமாட்டான்ல, சத்தத்தையாவது கேக்கட்டும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

“நீங்க சொல்லுங்க,” என்று விக்னேஷ்குமாரிடம் திரும்பினாள். “செயலாளர்தான நீங்க?”

“இன்னைக்கு ஒருநாள்தான, மதினி. நம்ம அமைப்பே மக்களை அனுசரிச்சுப் போற…”

“மைக் கிடைச்ச மாதிரி பேசாதீக.”

மகனைப் பார்த்தாள். “பெரியப்பா சொல்லுறதும் சரிதானம்மா,” என்றான், தரையைப் பார்த்து. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களில் ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள். “விடு பொன்மணி. நம்ம முச்சந்தி வரைக்கும்தான. அதுக்கங்குட்டு அவுக பாடு.”

முச்சந்தி வரைக்கும்தான். அங்கே நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். சத்தம் மட்டும் வீடு வரைக்கும் வரும்.

வாய்க்கரிசி போட்டார்கள். மொக்கைச்சாமி போடும்போது அரிசி தம்பியின் உதட்டில் ஒட்டியது, விரலால் தள்ளிவிட்டார். கொட்டுக்காரர்கள் தோலைக் காய்ச்சி முடித்தார்கள். பாடையில் கயிறு இறுக்கியாயிற்று.

“தூக்குறதுக்குள்ள சரத்த எடுத்தாந்துருதேன்,” என்று மொக்கைச்சாமி வீட்டுக்குப் பின்னால் போனார். பட்டாசு செய்கிறவன் எவனும் தலைமாட்டு விளக்குக்குப் பக்கத்தில் சரத்தை வைக்கமாட்டான். அதனால் கண்மாய்க் கூட்டத்தின் சாமான் அறையில் வைத்திருந்தார்.

பொன்மணி பின்னால் போனாள்.

அறையின் வாசற்படியில் நின்று, மொக்கைச்சாமி இடுப்பிலிருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து வெளி ஜன்னல் விளிம்பில் வைத்தார். யாரும் சொல்லவில்லை. போர்மேன் கை அது. பிறகுதான் பூட்டைத் திறந்து கொண்டியில் தொங்கவிட்டு உள்ளே போனார்.

உள்ளே வலைகளும் ரப்பர் செருப்புகளும். ஆணியில் மணிமுத்துவின் தொப்பி. அதை எடுத்து உள்பக்கம் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார். மூலையில் குனிந்து சரத்தை, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினார்.

“மச்சான். கடைசியா கேக்கேன்.”

அவர் திரும்பவில்லை. “நீ முச்சந்தியோட நின்னுக்க, தாயி. மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்.”

வாசலில் கொட்டு ஏறியது. பொன்மணி ஜன்னலில் இருந்த தீப்பெட்டியை எடுத்து முந்தானையில் முடிந்தாள். வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டை மாட்டி அமுக்கினாள்.