ஒத்திகைக்கு எழுதிய பாவம்

பாவசங்கீர்த்தனத்துக்கு ஒத்திகை வைக்கலாம் என்ற யோசனை கிளாடிசுடையதுதான். சனிக்கிழமை பன்னிரண்டு பிள்ளைகள் முதன்முறையாகப் பாதிரியார் முன்னால் மண்டியிட்டுப் பாவங்களைச் சொல்லப் போகிறார்கள். எல்லோருக்கும் ஏழு, எட்டு வயது. சொந்தப் பாவத்தை மற்றவர்கள் எதிரில் சொல்ல வைப்பது சரியில்லை. அதனால் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனைப் பாவம்.

அவள் உளவியல் படித்தவள். சின்னப் பிள்ளைகள் சேதத்தை வைத்துத்தான் குற்றத்தை அளப்பார்கள், மனதில் இருந்ததைப் பார்க்கக் கற்றுக்கொள்வது பிறகுதான் என்று படித்திருந்தாள். அதையும் சோதித்துப் பார்க்கும் ஆசை. ஒரு சீட்டில், அம்மாவுக்கு உதவியாக மீன்தொட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியதில் அத்தனை மீனும் செத்தது. இன்னொன்றில், நண்பனின் ரப்பரை வேண்டுமென்றே ஒளித்தது.

"எது பெரிய பாவம்?"

"மீனுதான் டீச்சர்!" என்றான் நாதன். "ரப்பர் கடையில கிடைக்கும்லா."

"உதவி செய்யப் போய்த்தானே செத்துச்சு?"

"செத்தது செத்ததுதானே டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. கிளாடிசும் சிரித்தாள்.

சீட்டுகளைத் தயாரித்தபோது, பதினொன்று எழுதியதுமே அவளுக்குக் கற்பனை வறண்டுவிட்டது. பன்னிரண்டாவதில் கைக்கு வந்ததை எழுதினாள். 'கதவைத் திறந்தேன். அம்மா திறந்தார் என்று பொய் சொன்னேன்.' அது ஐரீனுக்குப் போனது.

வியாழன் மதியம் ஐரீனின் அம்மா கிறிஸ்டல் அழைத்தாள்.

"டீச்சர், கொஞ்சம் வீட்டுக்கு வர்றீங்களா? ஐரீன் நாலு நாளா தூங்க மாட்டேங்குது. வாசக்கதவு பக்கம் யாரையும் விடமாட்டேங்குது. டெரிக் எங்க, டெரிக் எங்கன்னு கேக்குது. யாரு டீச்சர் டெரிக்? எங்களுக்கு இது ஒண்ணுதானே புள்ள."

சீட்டில் பெயர் எழுதவில்லை. வகுப்பில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

டெரிக் அவளுடைய தம்பி. மூன்று வயதில், திறந்திருந்த கதவு வழியாக ஓடி, லாரியில் அடிபட்டு இறந்துபோனான். பத்தொன்பது வருடமாயிற்று. கதவைத் திறந்து, தாழிட மறந்தது தான்தான் என்று அம்மா இன்றுவரை நம்புகிறார். அன்றிலிருந்து பூசைக்குப் போவார், நற்கருணை வாங்க எழுந்து போகமாட்டார்.

சுங்கை பினாங்கில் ஐரீனின் வீட்டுக்குள் கிளாடிஸ் போனபோது மணி நான்கு. பின்னாலேயே கதவைச் சாத்தி, அதில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டது பிள்ளை. கிறிஸ்டல் மைலோ கலக்க அடுப்படிக்குப் போனாள்.

"அது டீச்சர் சும்மா எழுதினதும்மா," என்றாள் கிளாடிஸ். "சீட்ட திருப்பிக் குடு."

"சீட்ட குப்பையில போட்டுட்டேன் டீச்சர். பாவம் என்கிட்டதான் இருக்கு."

"நீ ஒண்ணும் செய்யல."

"செஞ்சேன். ஐஸ்கிரீம் விக்கிற மோட்டார் மணி கேட்டுச்சு. ஸ்டூல் போட்டு ஏறித் தாழ்ப்பாளத் தொறந்தேன். நான் ஐஸ்கிரீமதான் பாத்தேன். அவன் என் கைக்கு அடியில நுழைஞ்சு போயிட்டான்."

சீட்டில் இரண்டே வரிகள். மணியும் ஸ்டூலும் அதில் இல்லை. கிளாடிசுக்கு இடது அக்குள் கூசியது, யாரோ குனிந்து போனது போல.

"ஏன் அம்மா தொறந்தாங்கன்னு சொன்னே?" அந்தக் கேள்வியை யாரும் கிளாடிசிடம் கேட்டதில்லை. இப்போது அவளே கேட்டாள்.

"அம்மா ஏற்கெனவே அழுதுக்கிட்டிருந்தாங்க. அவங்க எப்படியும் அழுவாங்க. எதுக்கு ரெண்டு பேரு அழணும்?"

ஏழு வயதில் அவள் போட்ட கணக்கு அதேதான். ஒரு சொல் மாறவில்லை.

"சனிக்கெழம ஃபாதர்கிட்ட சொல்லிருவேன்," என்றது பிள்ளை. "ஆனா டீச்சர், அம்மாவுக்கு யாரு சொல்லுவாங்க?"

சனிக்கிழமை இந்தப் பிள்ளை வாய் திறந்து சொல்லிவிட்டால், மன்னிப்பு ஆள்மாறிப் போகும். தம்பியே இல்லாத பிள்ளை, காலமெல்லாம் ஒரு தம்பியைக் கொன்றவளாக வாழும்.

கிளாடிஸ் ஐரீன் பக்கத்தில், கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். கைப்பேசியை எடுத்து அம்மாவை அழைத்தாள்.

"சொல்லும்மா. வேலை முடிஞ்சிருச்சா?"

"அம்மா, அன்னைக்குக் கதவத் தொறந்தது நீங்க இல்ல. நான்." குரல் உடையாமல் இருக்க வேகமாகச் சொன்னாள். "ஐஸ்கிரீம் பாக்கத் தொறந்தேன். அது தெரியாம நடந்துச்சு. ஆனா நீங்கன்னு சொன்னது தெரிஞ்சேதான் சொன்னேன்."

எதிர்முனையில் தொலைக்காட்சி பேசிக்கொண்டிருந்தது. பிறகு அது அணைந்தது. அடுப்படி வாசலில் கிறிஸ்டல் குவளையோடு அசையாமல் நின்றாள். ஐரீனின் தலை மெல்லச் சரிந்து கிளாடிசின் தோளில் விழுந்தது. பிள்ளை தூங்கிவிட்டிருந்தது.

அம்மா, "வீட்டுக்கு வா," என்றார். குரலில் கோபமா அழுகையா, ஒன்றும் பிடிபடவில்லை. "பக்கத்துல இருக்கிற புள்ளையையும் கூட்டிக்கிட்டு வா."

"அது தூங்குதும்மா. இது அவங்க வீடு."

"அது இல்லடி. அழுவுறானே, அவன."