கைக்கு எட்டிய கவளம்

வைதேகிக்கு அன்று காலையிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. ஆயிரத்து எழுநூறு வருஷம் ஒரு மலை பத்திரமாக வைத்திருந்த கையை, தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள் என்பதற்காக ஒரே பிற்பகலில் பிரித்துப் போடப் போகிறார்களாம்.

அந்தக் கை ஈரானிலிருந்து ஆய்வுக்காக வந்தது. உப்புச் சுரங்கம் இடிந்து உள்ளே மாட்டிக்கொண்ட தொழிலாளி ஒருவனுடைய வலக்கை. ஈரத்தையெல்லாம் உப்பு உறிஞ்சிவிட்டதால் தோலும் நகமும் அப்படியே நின்றுவிட்டன. கட்டைவிரல் நகத்துக்கடியில் அழுக்குகூட இருந்தது. விரல்கள் மூடியிருந்தன. ஜெர்மனியில் டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்து ஊரிலிருந்த அந்த அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் வைதேகியோடு வேலை பார்த்த எல்லோரும் அதை முஷ்டி என்றே சொன்னார்கள். மணியோ நாணயமோ, சாகும்போதும் விடாமல் பிடித்திருக்கிறான் என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள். பிணத்தின் மடியைத் துழாவுகிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று வைதேகி நினைத்துக்கொள்வாள்.

அது முஷ்டி இல்லை என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். ஒருநாள் தன் மேசைக் கணினியில் ஸ்கேன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, டப்பாவிலிருந்த தயிர்சாதத்தைக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. நான்கு விரல்நுனிகளும் குவிந்து, கட்டைவிரல் பின்னாலிருந்து தள்ளத் தயாராக இருந்தது. திரையிலிருந்ததும் அதே கைதான். விரல்களுக்கு நடுவே மங்கலாகத் தெரிந்த கட்டி மணியுமில்லை, காசுமில்லை. பிசைந்த மாவு போல ஏதோ ஒன்று, ஓரத்தில் உமி நீங்காத தானியம். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நாம் எதற்கெல்லாமோ சொல்கிறோம். நிஜமாகவே அனுபவித்தவன் இவன்.

அவள் செய்த தப்பு, அதை ஓடிப்போய்ச் சிதம்பரத்திடம் சொன்னது. அவர்தான் ஆய்வுக்குழுவின் தலைவர். திருச்சிக்காரர், ஜெர்மனிக்கு வந்து முப்பது வருஷமாகிறது, இட்லியையும் முள்கரண்டியால் வெட்டிச் சாப்பிடுகிறவர். ஆனாலும் நம்மவர், சொன்னால் புரியும் என்று நினைத்தாள். புரிந்தது; அதுதான் கேடு.

"ஃபென்டாஸ்டிக், வைதேகி. கடைசிக் கவளம். இதை ஓப்பன் பண்ணிக் காட்டினா உலகமே பார்க்கும்" என்றார்.

எதைச் சொன்னால் கையைத் தொடமாட்டார் என்று நம்பினாளோ, அதையே சாக்காக்கிக்கொண்டார். அவரைவிடத் தன் வாயின் மேல்தான் அவளுக்கு அதிகம் ஆத்திரம் வந்தது.

நீராவி காட்டினால் காய்ந்த தோல் இளகும், விரல்களைப் பிரித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பழைய செருப்புக்கும் தோல்பைக்கும் அவர்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். ஆனால் இது உப்பில் ஊறிய தோல், மழைக்காலத்து உப்பு ஜாடி போல நீர்விடும், அப்புறம் அழுகத்தான் செய்யும் என்று வைதேகி படித்துப் படித்துச் சொன்னாள். கொடுத்தவர்களைக் கேட்டீர்களா என்றும் கேட்டாள். ஆய்வுக்குத்தானே கொடுத்தார்கள், இதுவும் ஆய்வுதான் என்றார். அவளுடைய வேலை ஒப்பந்தம் நீட்டிப்புக்காகத் தன் மேசையில் காத்திருப்பதைப் போகிற போக்கில் நினைவூட்டவும் செய்தார். செவிடன் காதில் சங்கு ஊதிய கதைதான்.

கேமரா வந்தது, விளக்குகள் வந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை வைத்து ஆவிக்குழாயைச் செருகினார்கள். விரலைப் பிரிக்க வைதேகியின் நிதானம்தான் வேண்டுமென்றார் சிதம்பரம். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரே கையுறை மாட்டிக்கொண்டார்.

சிறிது நேரத்தில் புறங்கையில் முத்து முத்தாக நீர் கோத்தது. செத்தவன் கை வியர்த்தது. நிருபர் பெண் வாயைப் பிளந்து பார்த்தாள். சிதம்பரம் இடுக்கியால் சுட்டுவிரலை மெல்ல நெம்பினார். கணுவில் தோல் வெடித்தது.

வைதேகி பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"என்ன பண்றே? கேமரா ஓடுது" என்றார் சிதம்பரம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஓடட்டும் சார். பகையாளியா இருந்தாலும் சாப்பிடறவன் கையைப் பிடிச்சு யாரும் இழுக்கமாட்டாங்க. எங்க வீட்லயும் சரி, உங்க வீட்லயும் சரி. அவன் சாப்பிட்டு முடிக்கட்டும்."

அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று நிருபர் கேட்டாள். அந்த அறையில் தமிழ் தெரிந்த இன்னொருவர் சிதம்பரம் மட்டும்தான். அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, இன்றைக்குப் படப்பிடிப்பு இல்லை என்று மட்டும் ஜெர்மனில் சொன்னார்.

கை மூடியபடியே ஈரானுக்குத் திரும்பியது, சுட்டுவிரலில் ஒரு வெடிப்போடு. அந்த வெடிப்பை நினைத்தால் வைதேகிக்கு இன்றும் வயிறு எரியும்.

கை போன மறுவாரம் சிதம்பரம் கேன்டீனுக்கு அவளைத் தேடி வந்தார். என்ன சொல்ல வந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் புளிசாதத்தைக் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொல்லத் தொடங்கி, அவள் விரல்களைப் பார்த்து நிறுத்தினார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசாமல் காத்திருந்தார்.

வைதேகி அவசரப்படவில்லை. டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டாள். அவள் கைகழுவிவிட்டு வந்த பிறகுதான், இனி வேலை இல்லை என்று அவர் சொன்னார்.