வலது பக்கம் கத்துகிறது

1

இந்தக் கதை ஒரு பல்வலியில் தொடங்கியது. மற்ற எழுத்தாளர்கள் ஒரு முகம், ஒரு மழை, ஒரு ரயில் பயணம் என்று கதை பிறந்த இடத்தைக் கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்குக் கடைவாய்ப்பல். வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு பல் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பல் ராவும் மெஷின் ஓடுகிற சத்தம் வெளியே இருப்பவர்களின் வயிற்றைக் கலக்கக் கூடாது என்று டாக்டரம்மா அங்கே ஒரு பழைய ஸ்டீரியோ ரிசீவரை வைத்துப் பாட்டு ஓடவிடுவார். வெள்ளி நிற முகப்பு, கைக்கு அடக்கமான குமிழ்கள், உள்ளே மஞ்சள் விளக்கெரியும் டயல், அறையின் இரண்டு மூலையிலும் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கேட்கத்தான் முடியவில்லை. வலது பெட்டியிலிருந்து வந்த சத்தம் ஊசியாகக் குத்தியது. அதற்கு அந்த மெஷினே தேவலாம் போலிருந்தது.

நாற்காலியில் சாய்ந்ததும் கேட்டேன். "வலது பக்கம் இப்படிக் கத்துதே டாக்டர், ரிப்பேருக்குக் குடுக்கக் கூடாதா?"

"ரிப்பேர் பண்ணி வந்ததுலேர்ந்துதான் கத்துது. கேட்டா, என் காதுதான் கெட்டுப்போச்சுங்கறார் அந்த மனுஷன். வாயைத் திறங்க."

திறந்தேன். அதற்குமேல் எதுவும் கேட்கிற நிலையில் என் வாய் இல்லை. ஆகவே அந்த ரிப்பேர்காரரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இந்த ஒற்றை வாக்கியம்தான். இனி வருவதெல்லாம் மரத்துப்போன வாயோடு வீட்டுக்கு நடந்த வழியில் நானாகக் கட்டிக்கொண்டது.

2

முதல் வரியை எழுதி எழுதி அடித்தேன்.

"ஈயம் உருகும் வாசனையோடு அன்றைய காலை…" (வேண்டாம். வாசனையோடு தொடங்கும் கதைகளை நானே மூடிவைத்துவிடுவேன்.)

"அவருக்கு வயது…" (தெரியாது. தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவும் பிடிக்கவில்லை.)

"அவருக்குப் பாம்புக்காது என்று பெயர் வைத்தது பக்கத்து சைக்கிள் கடைக்காரர்."

இது இருக்கட்டும். பெயருக்குக் காரணம் உண்டு. யாராவது போனில் கூப்பிட்டு "செட்டு உறுமுதுங்க" என்றால், "போனை அதுக்குப் பக்கத்துல வைங்க" என்பார். கொஞ்ச நேரம் கேட்பார். "பின்னாடி எர்த் வயர் விட்டுப்போயிருக்கு, அந்த ஸ்க்ரூவ முறுக்குங்க. என்கிட்ட தூக்கிட்டு வராதீங்க." அவ்வளவுதான். அதிலிருந்து தெருவே அவரைப் பாம்புக்காது என்று கூப்பிட ஆரம்பித்தது. பாம்புக்குக் காதே கிடையாது என்று அவர் மனைவி மட்டும் கேலி செய்வாள். அவர் அதை ரசிப்பார். அந்தப் பெயர்மேல் அவருக்கு அத்தனை ஆசை. அவர் படித்த படிப்பு, வாங்கிய பட்டம், சேர்த்த சொத்து எல்லாமே அந்தப் பெயர்தான்.

(இங்கேயே சொல்லிவிடுகிறேன், மறைத்துவைத்து வேடிக்கை காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை: கெட்டுப்போனது டாக்டரம்மாவின் காது இல்லை. பாம்புக்காதின் வலது காது. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் அதில் ஏறுவதில்லை. அவரால் அதைத் தாங்க முடியுமா என்பதுதான் கதை.)

3

கடை ஒரே அறை. சுவரை ஒட்டி நீள மேஜை, அதன்மேல் வயிறு திறந்த ரிசீவர்கள். எதிர்ச்சுவரின் இரண்டு மூலையிலும் சோதனைக்கென்று இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அவற்றைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. கைவைத்த, கனமான, கருங்காலி மரமோ என்னவோ, ஒற்றை ஆளால் அசைக்க முடியாத நாற்காலி.*

மனைவியும் கடையில்தான் இருப்பாள். குமிழ்களைக் கழற்றிப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்ப்பது, டயல் கண்ணாடியின் எண்கள் அழியாமல் தூசி எடுப்பது எல்லாம் அவள் கைவேலை.

அவருடைய வேலைமுறை எளிமையானது: மாற்றிப் போடுவது. ஸ்டீரியோ செட்டு இரட்டைப் பிள்ளை மாதிரி. இடதுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் வலதுக்கும் உண்டு. வலது பக்கம் சரியில்லை என்றால் இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்று. கோளாறு கூடவே இடது பக்கம் போனால் ஸ்பீக்கரில் தப்பு. போகாமல் வலதிலேயே நின்றால் ஸ்பீக்கர் நிரபராதி, அடுத்ததை மாற்று. இப்படி ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது குற்றவாளி.

டாக்டரம்மாவின் ரிசீவர் வந்தது சாதாரணக் கரகரப்புக்கு. வால்யூம் குமிழைத் திருப்பினால் சத்தம் கரகரத்தது. அதைக் கழுவிச் சரிசெய்துவிட்டார். பிறகு வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். வலது பக்கம் மங்கலாக இருந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடுகிறமாதிரி.

ஸ்பீக்கர்களை மாற்றினார். வலதிலேயே நின்றது. வயர்களை மாற்றினார். நின்றது. உள்ளே இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக இருக்கும் போர்டுகளைக் கழற்றி மாற்றி மாட்டினார். அப்போதும் நின்றது. கண்டன்சர்களைப் புதிதாகப் போட்டார். இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் கோடாகக் காட்டும் ஸ்கோப்பை எடுத்து மாட்டினார். அது இரண்டு கோட்டையும் ஒன்றுபோலக் காட்டியது. அவர் ஸ்கோப்பின் தலையில் தட்டினார்.

"இதுக்கும் வயசாயிடுச்சு," என்றார்.

மனைவி தேய்த்துக்கொண்டிருந்த குமிழிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கடைசியில், வலது போர்டில் ஒரு கண்டன்சரின் அளவை மாற்றி வேண்டுமென்றே கூர்மையை ஏற்றிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். இடதும் வலதும் சமமாக இருந்தன. அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் எழுதியிருக்கிறேன், அதை அடிக்க மனம் வரவில்லை. தன் காதின் குறையை ஒரு மெஷினுக்குள் ஈயம் வைத்து ஒட்டிவிட்டு, மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

* முதல் வரைவில் இது சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள், சுற்றுவார்கள். சுற்றியிருந்தால் ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டியிருப்பார், மங்கல் இடது பெட்டிக்குத் தாவியிருக்கும், கதை அப்போதே முடிந்திருக்கும். அவர் மாற்றிப் போடாதது ஒன்றே ஒன்றைத்தான்: தன்னை.

4

டாக்டரம்மா ரிசீவரைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கேட்ட ஒற்றை வாக்கியம் பிறந்த காட்சி இது.

"அண்ணே, வலது பக்கம் குத்துது."

"உக்காருங்க டாக்டரம்மா, போட்டுக் காட்டறேன்." போட்டார். "எங்க குத்துது? தேன் மாதிரி வருது."

"எனக்குக் குத்துதே."

"தப்பா நினைக்காதீங்க. நாள் பூரா அந்த மெஷின காதுகிட்ட வச்சுக்கிட்டு ஊய்னு ஓட்டறீங்க. காது என்ன இரும்பா? ஒரு காது டாக்டரப் பாத்துருங்க. சொந்தத் தங்கச்சியா நினைச்சுச் சொல்றேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு போய்விட்டது. உண்மையாகவே தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மேஜைக்கு அந்தப்பக்கமிருந்த மனைவியைப் பார்த்து, "உங்களுக்கு எப்படிக் கேக்குதுக்கா?" என்றார்.

மனைவி கையிலிருந்த குமிழைத் தேய்க்க ஆரம்பித்தாள். "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்," என்றாள்.

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்தேன். என் வீட்டு ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. இல்லையோ என்றும் இருந்தது. எந்தப் பல் வலிக்கிறது என்று நாக்கால் தேடித் தேடி எல்லாப் பல்லையும் வலிக்கவைத்துக்கொள்வோமே, அந்த நிலைமை. உட்காரவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை.)

5

இந்த மனைவிமேல்தான் எனக்குச் சந்தேகம். குமிழ் தேய்க்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அவளைக் கொண்டுவந்தேன். "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று அவள் சொன்னபோது, எல்லாம் தெரிந்தவள் என்று எனக்குப் பட்டது. திரும்பிப் போய் முந்தின பக்கங்களைப் பார்த்தேன். ஸ்கோப்பை அவர் தட்டியபோதே தலையைத் தூக்காமல் இருந்திருக்கிறாள்.

எப்படித் தெரிந்திருக்கும்? அவளுக்கு முணுமுணுக்கிற பழக்கம். வாடிக்கையாளர் படியிறங்கும்போது அவர்களைப் பற்றி ஒரு கேலியை வாய்க்குள் சொல்வாள். அவர் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார். ஒருநாள் வலப்பக்கம் நின்று சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கோபமோ என்று நினைத்தாள். அடுத்த ஆள் இறங்கும்போது இடப்பக்கம் போய் இன்னொன்று சொன்னாள். விழுந்து விழுந்து சிரித்தார். திரும்ப வலப்பக்கம் வந்தாள். சிரிப்பில்லை. அவளும் மாற்றிப் போட்டுத்தான் கண்டுபிடித்தாள். அவரோடு கடையில் இருந்ததால் வந்த பழக்கம்.

அன்றிலிருந்து அவள் எதையும் அவருக்கு இடப்பக்கம் நின்றே பேசுகிறாள். சாப்பிடும்போது இடப்பக்கம், படுக்கும்போது இடப்பக்கம்.

ஏன் சொல்லவில்லை? "பயம்" என்று எழுதினேன். அது பாதிதான். அவருக்கு அந்தக் காதைத் தவிர வேறு பெருமை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெருவே கூப்பிடும் பெயரை அவரிடமிருந்து பிடுங்குகிற ஆள் தானாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள். அவளை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அடுத்தடுத்து வருகிற எல்லா ரிசீவருக்கும் அவர் வலது பக்கம் கூர்மை ஏற்றிக்கொண்டிருந்தார். ஊரில் வீடு வீடாக வலது பக்கம் கத்த ஆரம்பித்தது.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

மேஜையிலிருந்து ஒரு திருகாணி உருண்டு விழுகிறது. எடுக்கக் குனிந்து திரும்புகிறார், ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டியபடி. மங்கல் இடது பெட்டிக்குப் போய்விடுகிறது. அப்படியே குனிந்த நிலையில்… (திருகாணியை நம்பிக் கதை நடத்துவது சோம்பேறித்தனம்.)

டாக்டரம்மா காதைச் சோதித்துக்கொண்டு வருகிறார். காதில் ஒரு குறையுமில்லை. அதைப் பாம்புக்காதின் முன்னால் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். (நியாயம்தான். ஆனால் அந்த மனுஷன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.)

யாரும் எதுவும் சொல்வதில்லை. ஊர் பழகிக்கொள்கிறது. நல்ல சத்தம் என்றால் இப்படித்தான் குத்தும் என்று… (இது நடக்கக்கூடியது. அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது.)

7

சரி, மனைவியே சொல்லட்டும் என்று முடிவுசெய்து உட்கார்ந்தேன். முற்பகல். மேஜையில் டாக்டரம்மா மறுபடி கொண்டுவந்து கொடுத்த ரிசீவர், மூடி கழற்றப்பட்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து அவருக்கு இடப்பக்கம் வந்து நிற்கிறாள். வாயைத் திறக்கப்போகிறாள்.

அவர் முந்திக்கொண்டார்.

"நீ ஏன் எப்பவும் இந்தப் பக்கமே வந்து நிக்கற?"

இதை நான் எழுதுவதாக இல்லை. அவள் முகத்தைப் போலவே என் முகமும் இருந்திருக்கும்.

"சும்மாதாங்க."

"சும்மா இல்ல." அவர் ஸ்பீக்கர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டரம்மா காதத் தொட்டுப் பாத்தாங்களே, அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. அதுக்கு முன்னாடியும்தான். ஸ்கோப்பு பொய் சொல்லாது, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் திரும்பத் திரும்ப மாத்திக்கிட்டே இருந்தீங்க?"

"மெஷின்ல இருக்கணும்னு வேண்டிக்கிட்டே மாத்தினேன். மெஷின்ல இருந்தா நான் சரிபண்ணிருவேன்ல."

அவள் சொல்ல வந்ததை எல்லாம் அவரே சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

"இன்னும் ஒண்ணுதான் மாத்திப் பாக்கல," என்றார். எழுந்து நின்றார். "இந்த நாற்காலியத் திருப்பணும். எனக்கு ஒரு தடவ தெரிஞ்சுக்கணும். ஒரு கை பிடி."

அவர் ஸ்பீக்கர்களைப் பார்த்தபடி நாற்காலியின் இடக்கையைப் பிடித்தார். அவள் வலக்கையைப் பிடிக்க வேண்டும். அதற்கு அவருக்கு வலப்பக்கம் வந்துதான் ஆகவேண்டும். அந்த அறையில் வேறு வழியில்லை. வந்தாள். இத்தனை பக்கங்களாக ஒதுங்கியிருந்த அந்தப் பக்கத்துக்கு அவள் வந்து குனிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூக்கினார்கள். நாற்காலியின் நான்கு காலும் தரையை விட்டு எழும்பின. அவள் வழக்கம்போல முணுமுணுத்தாள், பாட்டுச் சத்தத்துக்கு அடியில், அவருடைய வலது காதுக்கு அருகில்:

"இனிமே வலது பக்கத்த நான் கேட்டுச் சொல்றேன்."

நிறுத்திக்கொள்கிறேன். அவருக்குக் கேட்டதா என்று நான் எழுதப்போவதில்லை. கேட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடுமோ என்றும், கேட்கவில்லை என்று எழுதினால் பாவமாகிவிடுமோ என்றும் கை மாறிமாறித் தவிக்கிறது. உங்களுக்குக் கேட்டுவிட்டது. அவருக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்தால் நாற்காலியைத் திருப்பி இறக்கிவையுங்கள்.

இல்லை என்று நினைத்தால், தயவுசெய்து அவருடைய இடப்பக்கம் போய் அதையே இன்னொரு தரம் சொல்லுங்கள். அவளால் இப்போது வர முடியாது. கனமான நாற்காலி, கையை விட்டால் விழுந்துவிடும்.