கம்பெனி என்றால் கூட உட்கார்ந்து தின்பது

ஹெச்.ஆர். ஆபீசர் ராஜ்குமார் மூன்றாவது நாளாக டிபன் டப்பாவோடு வந்து தங்கள் மேஜையில் உட்கார்ந்தது பிரவீனாவுக்குப் பிடிக்கவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் சும்மா அழுமா?

ஓசூரில் வண்டிக்கு ஒயர் கட்டும் அந்த ஃபேக்டரியில் பிரவீனாவோடு சேர்த்துப் பதினொரு பெண்கள் மூன்று வருஷமாகக் காண்ட்ராக்டில்தான் இருக்கிறார்கள். பர்மனென்ட் ஆக்கச் சொல்லி எழுதிய மனு பிரவீனாவின் பையில் இருந்தது. போன வருஷம் இதே மாதிரி மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட மாரம்மாவை மறுநாளே கேட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரவீனாவுக்கு இந்த வேலை போனால் விருதுநகருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"கம்பெனிங்கிற வார்த்தை எப்படி வந்துச்சு தெரியுமாம்மா?" சப்பாத்தியைப் பிய்த்தபடி கேட்டார் ராஜ்குமார். "லத்தீன்ல 'கொம்'னா கூட, 'பானிஸ்'னா ரொட்டி. கூட உக்காந்து ரொட்டி திங்கறவன் கூட்டாளி. அந்தக் கூட்டம்தான் கம்பெனி. யாவாரம், ஃபேக்டரியெல்லாம் பின்னாடி வந்த அர்த்தம்."

"அப்ப களி தின்னா கம்பெனி இல்லீங்களா சார்?" என்றாள் பேரிகை கிராமத்திலிருந்து வரும் முனிலட்சுமி. எல்லோரும் சிரித்தார்கள். பிரவீனா மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

இந்த மேஜையில் டப்பா திறந்தால் முதல் கரண்டி பக்கத்தில் இருப்பவளின் மூடிக்குப் போகும். யாரும் சொல்லி வைத்ததில்லை, அது அப்படித்தான். மூன்று நாளாக ராஜ்குமார் எல்லோர் மூடியிலும் கை வைத்தார். தன் உருளைக்கிழங்கில் ஒரு துண்டுகூட ஒருத்திக்கும் வைக்கவில்லை. பிரவீனா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதோ மனு எழுதியிருக்கீங்களாமே," என்றார் அவர், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு. "நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு? யாரு ஆரம்பிச்சதுன்னு சொன்னா நானே மேல பேசறேன்."

வந்துவிட்டது பூனைக்குட்டி வெளியே. பிரவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூட உக்காந்து தின்னா கம்பெனின்னு நீங்கதான் சார் சொன்னீங்க. அப்ப எங்க ஐடி கார்டுல மட்டும் ஏன் காண்ட்ராக்டர் பேரு?"

அவர் தண்ணீர் குடித்தார். பிரவீனா பையைத் திறந்து மனுவை எடுத்து அவர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் அதைப் பிரித்தார்.

விஷயம் தாளின் நடுவில் இருந்தது. கையெழுத்துகள் அதைச் சுற்றி வட்டமாக, பதினொன்றும் ஒரே அளவில். அவர் தாளை இடப்பக்கம் திருப்பினார், பிறகு வலப்பக்கம்.

"இதுல முதல்ல போட்டது யாரு?"



"எல்லாரும் சுத்தி உக்காந்துதான் சார் போட்டோம்," என்றாள் முனிலட்சுமி. "சாப்பிடுங்க, ஆறுது."

ராஜ்குமார் தாளை இன்னொரு முறை சுற்றினார். பதினொரு பேரையும் ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்தினால் ஒயர் கட்டும் லைன் ஓடாது என்று அவருக்குத் தெரியும்.