குரூப்பில் போன மெசேஜ்

மெர்சி கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து போகிறவள். கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாகன இன்சூரன்ஸ் க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் வேலை. சாயங்கால ரயிலைப் பிடித்தால் மகள் தூங்குவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். அதை விட்டால், தூங்கும் பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்க முடியும்.

புதிதாக வந்த டீம் லீடர் பார்கவி எல்லா மீட்டிங்கையும் மாலை ஆறு மணிக்கே வைத்தார். வாரத்தில் பாதி நாள் ரயில் போய்விடும். யாரும் வாய் திறக்கவில்லை. மெர்சியும்தான்.

அன்று காலையும் ஆறு மணி என்றே அறிவிப்பு வந்தது. எரிச்சலில், பக்கத்து சீட் கிளாரன்ஸுக்கு அனுப்புவதாக நினைத்து ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள்: 'இந்தம்மாவுக்கு வீடு வாசல்னு ஒண்ணு கீதா இல்லியா? நம்மள ஏன் கட்டிப் போடுது?'

கிளாரன்ஸ் நாற்காலியோடு திரும்பினான். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா மெர்சி பண்ணிட்ட? ஆபீஸ் குரூப்ல போட்டுட்டே!"

அவசரமாக அழித்தாள். அதற்குள் நான்கைந்து பேர் பார்த்துவிட்டிருந்தார்கள். பார்கவியும் பார்த்திருந்தார். பதில் எதுவும் போடவில்லை. கண்ணாடி அறைக்குள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மெர்சிக்கு.

"அவங்க கன்னடக்காரங்க, புரிஞ்சிருக்காது" என்றான் கிளாரன்ஸ். "கேட்டா, பக்கத்து வீட்டு ஆன்ட்டியப் பத்தி எழுதினேன்னு சொல்லிடு."

சொல்லலாம்தான். ஆனால் நாளைக்கும் அதே முகத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். பொய்யைச் சொன்னால் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். மதியம் சாப்பிடாமலேயே டிபன் பாக்ஸை மூடிவைத்தாள். தான் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம் என்று அவளுக்குத் தோன்றியது. எழுதிய விதம் தப்பு. ஆனால் ரயில் தவறிப்போவது உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் மன்னிப்பு சாக்காகிவிடும்.

கதவைத் தட்டினாள்.

"பா மெர்சி, கூத்கோ" என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார் பார்கவி, நாற்காலியைக் காட்டி. குரலில் சூடும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"மேடம், அந்த மெசேஜ் நான்தான் போட்டேன். உங்களப் பத்திதான். எல்லார் முன்னாடியும் உங்களுக்கு அவமானமாப் போச்சு. சாரி மேடம்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

பார்கவி பேனாவை மூடினார். "நான் இங்க ஆஸ்டின் டவுன்ல, தமிழ்க்காரங்க நடுவுல பொறந்து வளந்தவ. தமிழ் எழுத்துதான் தெரியாது. இங்கிலீஷ் எழுத்துல எழுதினா ஒவ்வொரு வார்த்தையும் புரியும். எனக்கும் வீடு இருக்கு மெர்சி. போய்ச் சேர நேரமாகுதுன்னு என் பையன் என்கிட்ட பேசறதயே கொறச்சுட்டான். அதான் அந்த வார்த்தை குத்துச்சு."

மெர்சிக்குக் கண் கலங்கியது.

"ஆறு மணியால உனக்கு என்ன கஷ்டம்? அத ஏன் என்கிட்ட சொல்லல?"

"கேட்டா வேலை மேல அக்கறை இல்லன்னு நெனப்பீங்களோன்னு பயம் மேடம்." ரயிலைப் பற்றியும் மகளைப் பற்றியும் சொன்னாள்.

"மேல இருக்கறவங்க சாயங்காலம்தான் அன்னிக்கு முடிச்ச க்ளெய்ம் கணக்கு கேக்கறாங்க. அதுக்கப்பறம்தானே நான் மீட்டிங் வெக்க முடியும்?"

"எங்க கணக்க நாலு மணிக்கே குடுத்துட்டா? அப்பவே பேசி முடிச்சிடலாம். அதுக்கப்பறம் வர்றத அடுத்த நாள் சேத்துக்கலாம் மேடம்."

பார்கவி யோசித்தார். "ஒரு வாரம் பாக்கலாம். சரிப்படலன்னா பழையபடிதான். எல்லாரும் நேரத்துக்குக் குடுக்கணும், அத நீதான் பாத்துக்கணும்."

அன்றைய மீட்டிங் ஆறு மணிக்கே நடந்தது. மெர்சி ரயிலைத் தவறவிட்டாள். மறுநாளிலிருந்து நேரம் மாறியது. எல்லா நாளும் அது சரியாக அமையவில்லை. மாதக் கடைசியில் இழுத்துக்கொண்டுதான் போனது. ஆனால் அப்படிப்பட்ட நாளில் பார்கவி காலையிலேயே சொல்லிவிடுவார். மெர்சியும் வீட்டுக்குப் போன் செய்துவிடுவாள்.

சரியாகாதது ஒன்று இருந்தது. முன்பெல்லாம் மெர்சியின் மேஜைப் பக்கம் வந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிற பார்கவி, இப்போது வேலையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

"இன்னும் கோவமா கீறாங்களா?" என்று வீட்டில் கணவன் பீட்டர் கேட்டான்.

"கோவம் இல்ல, வருத்தம். நான் சாரி சொன்ன ஒடனே அது போயிடணும்னு இல்லியே."

இன்னொரு தடவை மன்னிப்பு கேட்கவில்லை. ஸ்வீட் பாக்கெட்டோடு போய் நிற்கவும் இல்லை. நான்கு மணிக் கணக்கை மட்டும் ஒரு நாளும் தவறவிடாமல் கொடுத்துவந்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், கேன்டீனில் இடமில்லை. தட்டோடு நின்ற பார்கவி, மெர்சிக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"உக்காரலாமா?"

"உக்காருங்க மேடம்."

பார்கவி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். பிறகு பார்கவி கேட்டார்: "உன் பொண்ணு என்ன படிக்குது?"