அத்தான் ஊதிய எண்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொல்லப்பட்ட ஒரு விஷயத்திலிருந்து பிறந்த கதை இது. சொன்னவர் அக்காவின் கணவர். இருபத்திரண்டு வருடமாக பேக்கரியில் மாவு பிசைகிறவர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “செந்தழல் நாக்குகள் அடுப்பில் நடனமாட...” (வேண்டாம். அத்தான் சிரிப்பார். அவருடையது மின்சார அடுப்பு.)

2

அத்தானுக்கு மாவுத்தூசியால் வந்த ஆஸ்துமா. டாக்டர் ஒரு தாளில் குழாய் வரைந்து அவருக்கும் அக்காவுக்கும் விளக்கினாராம். மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்குகிறது, உடம்பு அதைச் சரிசெய்கிறது. மறுபடி வீங்க, மறுபடி சரிசெய்கிறது. ஒவ்வொரு தடவையும் சுவரில் கொஞ்சம் தழும்பு சேர்கிறது, சுற்றியுள்ள தசை தடிக்கிறது, சளிச் சுரப்பிகள் பெரிதாகின்றன. காற்று போகும் வழி குறுகிக்கொண்டே வருகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் எந்த மருந்துக்கும் அது பழையபடி விரியாது.

(இந்தப் பத்தியை ஆறு தடவை திருத்தினேன். திருத்தத் திருத்தத் தடித்தது. பாதியை வெட்டிய பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது.)

3

மூச்சின் வேகத்தை எண்ணாகக் காட்டும், ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றையும் டாக்டர் கொடுத்திருந்தார். தினமும் காலையில், மருந்தை இழுப்பதற்கு முன் ஊதி, எண்ணைக் குறிக்க வேண்டும். எண் இறங்கினால் மாவு வேலையை விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. பதினோரு வாரமாக எண் இறங்கவே இல்லை. அக்கா அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

போன வாரம் பேக்கரியின் பின்னறையில், மாவு மூட்டைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி அத்தான் சொன்னார்:

“மூச்சைத் திறந்துவிடுற நீல மருந்தை ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, கால் மணி நேரம் கழிச்சுதான் ஊதுறேன். அடுப்பைச் சூடு பண்ணாம யாராவது ரொட்டியை உள்ள வைப்பாங்களா? உங்க அக்காகிட்ட சொல்லிடாத. பொட்டலம் கட்டுற மேசைக்கு அனுப்பிடுவாங்க. மாவைத் தொடாம என்னால முடியாது.”

சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

4

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அக்காவே ஒருநாள் கையும் களவுமாகப் பிடிக்கிறாள். (அவர் ஊதும் நேரத்தில் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள்.)

அத்தான் தானாகவே டாக்டரிடம் போய் ஒப்புக்கொள்கிறார். (பதினோரு வாரத் தாளைப் பார்த்த பிறகு இதை எப்படி நம்புவது?)

ஒரு நாள் அதே மூட்டைமேல் அவருக்கு

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

5

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அக்காதான். எழுத்துப்பிழை பார்ப்பாள், கூடவே என்னையும் ஒரு பிடி பிடிப்பாள். அவள் படிக்காமல் எதுவும் அச்சுக்குப் போனதில்லை. இப்போது கூடத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, கதை எங்கே என்று இரண்டாம் முறை கேட்டுவிட்டாள். மூன்றாம் பகுதியை மட்டும் உருவிவிட்டுக் கொடுக்கலாம். அத்தானுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும், எண்களும் நன்றாகவே இருக்கும்.

ஆனால் மூன்றாம் பகுதி அச்சில் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அப்படியானால் அவள் படித்துவிட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் அந்தத் தாளின் முன் நின்று அவள் அவரிடம் முதலில் என்ன கேட்டாள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். கொஞ்சம் மெதுவாகக் கேட்க வையுங்கள். பதில் சொல்ல அவருக்கு மூச்சு வேண்டும்.