அரை நொடி

"உங்களுக்குக் கை நடுங்குது" என்றார் மேலாளர். நேற்று நான் தூக்கிய இரும்புப் பெட்டி லாரியில் இடித்துவிட்டதாம், அதற்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை இது! கீழே கொக்கி மாட்டும் அண்ணன் நான் பெட்டி இறக்கும்போது ஒருநாளும் மிரண்டதில்லை. நேற்று அவரே துள்ளி ஓடினார்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் என்னை உச்சிக் கூண்டிலிருந்து இறக்கி, இந்த அறையில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்து, காமிராவில் பார்த்தே கிரேனை ஓட்டச் சொன்னார்கள். பாதுகாப்பாம்! நான் கிரேனை இயக்கும் கோலை இழுத்து அரை நொடி கழித்துத்தான் திரையில் பெட்டி நகர்கிறது. இழுத்த உடனே அசைவு தெரியும் என்று என் மூளைக்குப் பழக்கம். தெரியாவிட்டால் கை சும்மா இருக்குமா? இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. பெட்டி பாய்ந்து வருகிறது. பதறிப்போய்த் திருப்பி இழுக்கிறது. கூண்டில் பக்கக் கண்ணாடி வைத்தபோதும் முதலில் இடம் வலம் குழம்பத்தான் செய்தது. ஒரே மாதத்தில் கண்ணாடியில் பார்த்தால் ஒரு மாதிரி, நேரே பார்த்தால் ஒரு மாதிரி என்று கையே பிரித்துத் தெரிந்துகொண்டது. வெறும் கொக்கியோடு பத்து நாள் பழக விடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"வயசாச்சும்மா. வாசல்ல பதிவேடு பாக்குற வேலைக்கு எழுதிடறேன்."

"எழுதுங்க சார். ஆனா திரையைப் பாத்து எழுதுங்க."

மேசையில் கிடந்த மாற்றுக் காமிராவை அதே திரையில் இணைத்து, அவர் தாளுக்கு மேலே பிடித்தேன். அவர் கை அவருக்கு நேரே தெரியாதபடி ஒரு ஃபைலை விரித்து மறைத்தேன்.

"என்னம்மா இது விளையாட்டு?"

"உங்க பேரை மட்டும் எழுதுங்க, போதும்."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். முதல் எழுத்தின் சுழி நிற்காமல் சுழன்றுகொண்டே போயிற்று. நிறுத்தப் பார்த்தார், பேனா தாளைத் தாண்டி மேசைக்கு ஓடியது. கதவோரம் நின்ற கொக்கி அண்ணன், "சார், உங்களுக்கும் வயசாயிடுச்சா?" என்றார்.

மேலாளரின் முகம் சிவந்தது. மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. பத்து நாள் தருகிறேன் என்றாவது சொல்வார் என்று நினைத்தேன், மடச்சி. அவர் அந்தத் தாளைக் கசக்கிக் கூடையில் எறிந்தார். ஃபைலைத் தள்ளினார். புதுத் தாள் எடுத்து, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குனிந்து தாளையே பார்த்தபடி, என் கை நடுக்கத்தைப் பற்றி முத்து முத்தாக எழுத ஆரம்பித்தார்.